படத்தைக் கலைத்து மறுபடி அடுக்க ஒரு சின்ன நிரல்

சீட்டுக்கட்டைக் கலைக்க யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். கலைத்த கட்டைப் பழைய வரிசைக்கே கொண்டுவா என்றால்தான் கை நிற்கும். படத்தைக் கலைக்கும் நிரலும் அப்படித்தான். கலைக்கும் பாதி பத்து நிமிட வேலை. ஒரு புள்ளிகூட மாறாமல் திரும்பப் பெறும் பாதியில்தான் புதிதாக நிரல் எழுதுகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நானும் மாட்டியிருக்கிறேன். அதனால் இதில் பெரும்பகுதி அந்த இரண்டாம் பாதியைப் பற்றித்தான்.

பைத்தான் 3 இருந்தால் போதும். படங்களைத் திறக்க பில்லோ என்ற நூலகம் வேண்டும். லிஸ்ட் என்றால் என்ன, ஃபார் லூப் எப்படி ஓடும் என்ற அளவுக்குத் தெரிந்திருந்தால் சரி. நிரலை இங்கே தமிழிலேயே எழுதிக் காட்டுகிறேன். ஏறக்குறைய ஒரு வரிக்கு ஒரு வரி என்று அதைப் பைத்தானாக்கிக்கொள்ளலாம். மாறிகளுக்குப் படம், சாவி, வரிசை என்று தமிழ்ப் பெயரே வைத்தாலும் பைத்தான் 3 முகம் சுளிக்காது.

முதலில் ஆறே ஆறு புள்ளி

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். ஆறு புள்ளிகள் மட்டுமே உள்ள ஒரு படம் என்று வைத்துக்கொள்வோம். புள்ளிகளின் பெயர் அ, ஆ, இ, ஈ, உ, ஊ. இருக்கும் இடங்கள் 0 முதல் 5 வரை. எண்ணிக்கையைப் பைத்தான் பூஜ்ஜியத்தில்தான் தொடங்கும், நாமும் அப்படியே போவோம்.

குலுக்கியதில் நமக்கு இந்த வரிசை கிடைத்தது:

3, 0, 4, 1, 5, 2

இதன் பொருள்: புதிய படத்தின் முதல் இடத்தில் பழைய படத்தின் 3-ஆம் இடத்துப் புள்ளியை வை, அடுத்ததில் 0-ஆம் இடத்ததை வை, இப்படியே போ. நிரலாக எழுதினால்:

ஒவ்வொரு க-வுக்கும்:
    புதியது[க] = பழையது[வரிசை[க]]

கிடைப்பது: ஈ, அ, உ, ஆ, ஊ, இ. நன்றாகவே கலைந்துவிட்டது.

இனி திரும்பி வர வேண்டும். பலரும் செய்வது, அதே நிரலைக் கலைந்த படத்தின் மேல் இன்னொரு முறை ஓட்டுவது. தாளிலேயே செய்து பாருங்கள். ஆ, ஈ, ஊ, அ, இ, உ என்று வரும். பழைய படம் வரவில்லை, இன்னொரு குழப்பம்தான் வந்திருக்கிறது. சட்டைப் பொத்தானைக் கழற்ற, போட்ட பக்கமே இன்னொரு தடவை இழுப்பது போல.

செய்ய வேண்டியது இதுதான்:

ஒவ்வொரு க-வுக்கும்:
    மீண்டது[வரிசை[க]] = புதியது[க]

இரண்டு நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரிசை[க] என்பது முன்பு சமக்குறிக்கு வலப்பக்கம் இருந்தது, இப்போது இடப்பக்கம் வந்திருக்கிறது. வித்தியாசம் அவ்வளவே. கலைக்கும்போது 'எங்கிருந்து எடுத்தேன்' என்று குறித்த அதே எண், மீட்கும்போது 'எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும்' என்று ஆகிறது. ஈ மறுபடி 3-ஆம் இடத்துக்குப் போகும், அ 0-க்குப் போகும். கைக்கு வரும்வரை தாளில் இரண்டு மூன்று முறை போட்டுப் பாருங்கள். பின்னால் பத்து லட்சம் புள்ளியுள்ள படத்தில் இதே தவறு நடந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் எல்லாக் குழப்பமும் ஒரே மாதிரிதான் தெரியும்.

வேடிக்கைக்காக, தவறான வழியிலேயே மூன்றாவது முறையும் ஓட்டிப் பாருங்கள். அ, ஆ, இ, ஈ, உ, ஊ வந்து நிற்கும்! இது தற்செயல் இல்லை. பூனைப் படத்துக்கு வரும்போது இதை மறுபடி எடுக்கலாம்.

குலுக்குவது

பைத்தானின் ரேண்டம் நூலகத்தில் ஷஃபிள் என்று தயாராக ஒன்று இருக்கிறது. அதைப் பயன்படுத்தாதீர்கள் என்பேன். தரம் குறைவு என்பதற்காக அல்ல. ஒரே விதை எண்ணை (குலுக்கலைத் தொடங்கிவைக்கும் எண்) கொடுத்தால், 0-க்கும் 1-க்கும் இடையில் ஓர் எண்ணைத் தரும் ரேண்டம்() என்ற அடிப்படைச் செயல்கூறு எந்தப் பதிப்பிலும் ஒரே எண்களைத் தரும் என்று பைத்தான் ஆவணங்கள் உறுதி தருகின்றன. ஷஃபிள் போன்ற மற்றவை பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். இன்று கலைத்த படத்தை நாலு வருஷம் கழித்து வேறு கணினியில் திறக்கப்போகிறீர்கள் என்றால் அந்த உறுதி வேண்டும். நாமே எழுதினாலும் நாலு வரிதான்:

சாவியை விதையாகக் கொடு
க = எண்ணிக்கை − 1 முதல் 1 வரை, ஒவ்வொன்றாகக் குறைத்து:
    ச = முழுஎண்(ரேண்டம்() × (க + 1))
    வரிசை[க], வரிசை[ச] இரண்டையும் இடம் மாற்று

தொடக்கத்தில் வரிசை என்பது 0, 1, 2 என்று ஒழுங்காக இருக்கும் லிஸ்ட். கடைசி இடத்திலிருந்து முன்னோக்கி வந்துகொண்டே, ஒவ்வொரு இடத்துக்கும் அதற்கு முன்னால் உள்ளவற்றில் ஒன்றை (அல்லது அதையே) சீட்டுப் போட்டு எடுக்கிறோம். 1938-ல் ஃபிஷரும் யேட்ஸும் தாளும் பேனாவுமாகச் செய்ய எழுதிவைத்த முறை இது. 1964-ல் டர்ஸ்டன்ஃபெல்ட் கணினிக்கேற்பச் சுருக்கினார்.

சாவி என்பது நீங்களும் பெறுபவரும் மட்டும் அறிந்த ஒரு சொல்லோ எண்ணோ. இதில் ஒரு குழி இருக்கிறது. சொல்லை எண்ணாக்க வேண்டும் என்று நினைத்துப் பைத்தானின் ஹேஷ் செயல்கூறில் போட்டு, வரும் எண்ணை விதையாகக் கொடுப்பவர்கள் உண்டு. சோதிக்கும்போது எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். நிரலை மூடிவிட்டு மறுபடி திறந்தால் படம் மீளவே மீளாது! 3.3 பதிப்பிலிருந்து, சொற்களுக்கு ஹேஷ் தரும் எண் நிரலை ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் மாறும். பாதுகாப்புக்காக வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். நேராகச் சொல்லையே விதையாகக் கொடுத்துவிடுங்கள், பைத்தான் அதை ஏற்கும்.

நிஜப் படத்துக்கு

முதல் முயற்சிக்குச் சின்னப் படமாக எடுங்கள், 300-க்கு 200 போதும். கைபேசியில் எடுத்த 4000-க்கு 3000 படத்தில் ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளி இருக்கிறது. வெறும் லூப் போட்டால் டீ குடித்துவிட்டு வரலாம். பெரிய படங்களுக்கு நம்பை நூலகம் இருக்கிறது. மேலே எழுதிய இரண்டு லூப்புகளும் அதில் ஆளுக்கு ஒரு வரியாகச் சுருங்கி, கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும்.

முழு நிரலின் போக்கு:

படம் = கோப்பைத் திற, ஆர்ஜிபி-க்கு மாற்று
அகலம், உயரம் இரண்டையும் குறித்துக்கொள்
பழையது = எல்லாப் புள்ளிகளும், ஒரே நீள லிஸ்ட்டாக
வரிசை = சாவியை வைத்துக் குலுக்கியது
புதியது = கலைத்த லிஸ்ட்
அதே அகலம், உயரத்தில் புதுப் படமாக்கு
பிஎன்ஜி கோப்பாகச் சேமி

ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் கொண்ட கொத்து. கொத்தைப் பிரிக்காமல் முழுசாக நகர்த்துங்கள். பிரித்துக் கலைத்தாலும் மீட்கலாம், ஆனால் ஏதாவது தவறினால் எங்கே தவறியது என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. முதல் நிரலுக்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

கைபேசிப் படம் சாய்ந்து படுத்தபடி வந்தால் பயப்பட வேண்டாம். 'என்னை நிமிர்த்திக் காட்டு' என்ற குறிப்பு கோப்பின் எக்ஸிஃப் தகவலில் இருந்தது, புதுப் படத்துக்கு அது வரவில்லை. கலைப்பதற்கு முன்பே நிமிர்த்திவிடுங்கள். அந்தத் தகவலை அப்படியே ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். பல கேமராக்கள் அதற்குள் படத்தின் சின்ன நகல் ஒன்றையும் வைத்திருக்கும். பெரிய படத்தைக் கலைத்துவிட்டுச் சின்ன நகலைக் கோப்பிலேயே விட்டுவைத்தால், வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதைதான்.

ஜேபெக் என்ற ஆபத்து

நான் முதலில் கலைத்தது வாசல் கோலத்தின் படம். கலைத்தேன், ஜேபெக்காகச் சேமித்தேன், ஓர் அரட்டைச் செயலியில் நண்பருக்கு அனுப்பினேன். சாவியையும் சொன்னேன். அவர் மீட்டெடுத்துத் திருப்பி அனுப்பிய படத்தில் கோலம் இருந்தது, ஆனால் மேலே யாரோ கலர் பொடியை வாரி இறைத்தது போல் படம் முழுக்கப் புள்ளி. ஒரு மாலை முழுக்க நிரலில் தவறு தேடினேன். நிரலில் தவறே இல்லை.

ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒரு கட்டத்துக்குள் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் என்பது அதன் நம்பிக்கை. சாதாரணப் படத்தில் அது சரிதான், வானமும் சுவரும் முகமும் அப்படித்தான் இருக்கின்றன. அந்த நம்பிக்கையில் நுணுக்கமான ஏற்ற இறக்கங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு இடத்தை மிச்சம் பிடிக்கிறது. கலைத்த படத்திலோ நுணுக்கமான ஏற்ற இறக்கத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது. நிறத்தில் இன்னும் மோசம். பெரும்பாலான ஜேபெக் கோப்புகளில் இரண்டுக்கு இரண்டு என்று நாலு புள்ளிகளுக்கு ஒரே நிறத் தகவல்தான். கலைத்த படத்தில் பக்கத்து இடத்துக்கு வந்தவர்கள் ஒருவரையொருவர் அறியாத அந்நியர்கள். அவர்கள் நிறத்தைப் பங்கு போட்டுக்கொள்ள நேர்கிறது. மீட்கும்போது புள்ளிகள் சொந்த இடத்துக்குச் சரியாகவே திரும்புகின்றன, ஆனால் அடுத்தவர் சட்டையை மாட்டிக்கொண்டு.

அதனால் கலைத்ததைச் சேமிப்பது எப்போதும் பிஎன்ஜி-யில். அது எதையும் தூக்கி எறியாது. மூலப் படம் ஜேபெக்காக இருந்தால் பரவாயில்லை, திறந்தபின் கிடைக்கும் புள்ளிகளைத்தான் நாம் கலைக்கிறோம். ஒன்று மட்டும், கோப்பு பெருத்துவிடும். பிஎன்ஜி-யும் பக்கத்துப் புள்ளியைப் பார்த்து அடுத்ததை ஊகித்துத்தான் சுருக்குகிறது, கலைத்த படத்தில் ஊகிக்க ஒன்றும் இருக்காது. ஆயிரத்துக்கு ஆயிரம் புள்ளி என்றால் சுருக்காத அளவு முப்பது லட்சம் பைட். நிறங்கள் நிறைந்த புகைப்படமாக இருந்தால் கலைத்தபின் அந்த அளவுக்குப் பக்கமாகவே வந்து நிற்கும். அனுப்பும்போது புகைப்படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்புங்கள். புகைப்படமாகப் போனால் வழியில் அளவைக் குறைத்து ஜேபெக்காக்கிவிடுவார்கள்.

ஜேபெக்கில்தான் போயாக வேண்டும் என்று ஒரு நிலை வந்தால், புள்ளிகளுக்குப் பதிலாகப் பதினாறுக்குப் பதினாறு சில்லுகளைச் சீட்டாக எண்ணிக் கலைக்கலாம். 640-க்கு 480 படம் 1200 சில்லு. ஜேபெக்கின் கட்டங்கள் இந்தச் சில்லுகளுக்குள்ளேயே முழுசாக அடங்கிவிடுவதால் சேதம் சாதாரண ஜேபெக் அளவுக்கு மேல் போகாது. பார்ப்பவருக்கு ஜிக்சா புதிர் மாதிரி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொறுமைசாலி ஒருவர் சாவி இல்லாமலே ஒட்டிவிடுவார்.

சரியாக மீண்டதா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பழைய லிஸ்ட்டும் மீண்ட லிஸ்ட்டும் சமமா என்று நிரலிலேயே ஒரு வரி கேளுங்கள். சமம் என்றால் சமம், ஒரு புள்ளியில் ஓர் எண் மாறியிருந்தாலும் இல்லை என்று சொல்லும். அந்தச் சோதனையையும் லிஸ்ட்டை வைத்துச் செய்யாமல், கோப்பைச் சேமித்து, மூடி, மறுபடி திறந்து செய்யுங்கள். அன்றைக்கு நான் அப்படிச் செய்திருந்தால் ஒரு மாலை மிச்சமாகியிருக்கும்.

தானே திரும்பி வரும் பூனை

குலுக்காமல், வெறும் கூட்டலால் கலைக்கும் வழி ஒன்று உண்டு. ரஷ்யக் கணித அறிஞர் விளாதிமிர் அர்னால்ட் 1960-களில் பூனைப் படம் ஒன்றை வரைந்து விளக்கியதால் அதற்குப் பூனை வரைபடம் என்றே பெயர். சதுரப் படம் வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும்:

புதிய கிடை = (கிடை + நெடு) % அளவு
புதிய நெடு = (கிடை + 2 × நெடு) % அளவு

சதவீதக் குறி வகுத்து வரும் மீதியைத் தரும். படத்தின் விளிம்பைத் தாண்டிப் போகிறவர் எதிர்ப்பக்கமாக உள்ளே வந்துவிடுவார். 124-க்கு 124 படத்தில் (10, 20) என்ற புள்ளி முதல் சுற்றில் (30, 50)-க்குப் போகும், அடுத்ததில் (80, 6)-க்கு. 130-ஐ 124-ஆல் வகுத்தால் மீதி 6 அல்லவா. மூலையில் உள்ள (0, 0) மட்டும் எத்தனை சுற்றானாலும் அசையாது.

முதல் சுற்றில் படம் சாய்ந்து இழுபடும். மூன்று நாலு சுற்றில் வெறும் தூசி. விடாமல் ஓட்டினால், சரியாக 15-ஆம் சுற்றில் பழைய படம் ஒரு புள்ளி பிசகாமல் வந்து நிற்கும். ஆறு புள்ளியை மூன்று முறை கலைத்தபோது நடந்ததும் இதேதான். இடங்கள் எண்ணி முடிகிறவை, எந்தப் புள்ளியும் தொலைவதில்லை. சுற்றிச் சுற்றி ஒருநாள் புறப்பட்ட இடத்துக்கு வந்துதான் ஆக வேண்டும்.

எத்தனை சுற்று என்பதுதான் விசித்திரம். 124-க்கு 15. ஒரே ஒரு புள்ளி கூட்டி 125 ஆக்குங்கள், 250 சுற்று ஆகும். 128-க்கு 96, 250-க்கு 750. படத்தின் அளவைப் போல் மூன்று மடங்குக்கு மேல் போகாது என்று ஃப்ரீமன் டைசனும் ஹெரால்ட் ஃபாக்கும் 1992-ல் காட்டினார்கள். 250 அந்த எல்லையையே தொடுகிறது. 124-ஐயும் 125-ஐயும் ஓட்டி, ஒவ்வொரு சுற்றையும் தனிப் படமாகச் சேமித்து வரிசையாகப் புரட்டிப் பாருங்கள். நிரல் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு எனக்குத் தெரியாது.

சுற்று முடியும்வரை காத்திருக்க வேண்டாம், நேராகப் பின்னோக்கியும் வரலாம்:

பழைய கிடை = (2 × கிடை − நெடு) % அளவு
பழைய நெடு = (நெடு − கிடை) % அளவு

இங்கே கழித்தல் வருவதால் எண் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகலாம். பைத்தானில் மீதி எப்போதும் நேர் எண்ணாகவே வரும். இதையே ஜாவாஸ்கிரிப்ட்டிலோ சி மொழியிலோ எழுதினால் எதிர் எண் வந்து நிரல் கவிழும். அங்கே அளவை ஒரு தடவை கூட்டி, மறுபடி மீதி எடுங்கள்.

இதைப் பூட்டு என்று நம்பலாமா?

கூடாது. பூனை வரைபடத்தில் ரகசியம் என்று இருப்பது சுற்றுகளின் எண்ணிக்கை மட்டுமே. 124 அளவுள்ள படத்தை 15 தடவைக்குள் யாரும் திறந்துவிடலாம். கலைந்து கிடக்கிறது என்பதால் மறைந்துவிட்டது என்று ஆகாது. 2007-ல் இன்டர்போல் தேடிய ஒரு குற்றவாளி, தான் இணையத்தில் போட்ட படங்களில் முகத்தைச் சுழல்போல முறுக்கி மறைத்திருந்தான். ஜெர்மன் போலீசின் நிபுணர்கள் அந்த முறுக்கை எதிர்ப்பக்கம் சுற்றி முகத்தை மீட்டார்கள். படம் வெளியான சில நாட்களில் அவன் தாய்லாந்தில் பிடிபட்டான்.

சாவி போட்டுக் குலுக்கும் நம் நிரல் இதைவிட மேல், அவ்வளவுதான். அது இடத்தை மட்டுமே மாற்றுகிறது, நிறத்தை மாற்றுவதில்லை. எந்த நிறம் எத்தனை புள்ளி என்ற கணக்கு கலைப்பதற்கு முன்னும் பின்னும் ஒன்றே. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தா, கடற்கரை மாலையா என்பது கலைந்த படத்தைப் பார்த்தாலே பிடிபடும்.

அதே சாவியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது அதைவிடப் பெரிய ஓட்டை. உங்கள் படத்தின் அளவிலேயே ஒரு படம் செய்யுங்கள், அதில் ஒவ்வொரு புள்ளியின் நிறமும் அதன் இட எண்ணாகவே இருக்கட்டும்:

சிவப்பு = எண் // 65536
பச்சை = (எண் // 256) % 256
நீலம் = எண் % 256

இரட்டைச் சாய்கோடு மீதியை விட்டு ஈவை மட்டும் தரும். ஒரு புள்ளிக்கு 1,67,77,216 நிறங்கள் சாத்தியம் என்பதால் அத்தனை புள்ளி வரைக்கும் இரண்டு புள்ளி ஒரே நிறமாக வராது. இந்தப் படத்தை யாராவது உங்களிடம் கொடுத்து, 'உங்கள் நிரலில் போட்டுக் காட்டுங்களேன்' என்று கேட்டு, நீங்களும் வழக்கமான சாவியில் கலைத்துக் கொடுத்தால் முடிந்தது. கலைந்த படத்தின் ஒவ்வொரு இடத்திலும் உள்ள நிறத்தைத் திரும்ப எண்ணாக்கினால், அதுதான் உங்கள் வரிசை[க]. சாவியே தெரியாமல், அதே அளவில் நீங்கள் அந்தச் சாவியால் கலைத்த எல்லாப் படங்களும் திறந்துவிடும்.

புள்ளியின் மதிப்பையும் மாற்ற எக்ஸ்ஆர் என்ற செயலைச் சேர்க்கலாம். இரண்டு எண்களையும் இரும எண்ணாக எழுதி, இலக்கம் வேறுபடும் இடத்தில் 1, ஒத்துப்போகும் இடத்தில் 0 போடும் செயல் அது. 150-ஐ 77-உடன் எக்ஸ்ஆர் செய்தால் 219, அந்த 219-ஐ மறுபடி 77-உடன் செய்தால் 150. மேலே திட்டிய 'அதே நிரலை இரண்டு தடவை ஓட்டும்' வழி இங்கே மட்டும் சரிப்படும். எல்லாவற்றுக்கும் ஒரே 77 என்று இல்லாமல், சாவியிலிருந்து ஒவ்வொரு மதிப்புக்கும் வேறு வேறு எண் எடுத்துச் செய்தால் நிறக் கணக்கு மறையும். ஒரே சாவியை இரண்டு படத்துக்குப் போட்டால் இதிலும் ஓட்டை விழும் என்பது வேறு விஷயம்.

ஆதார் நகல், மருத்துவ அறிக்கை போன்றவற்றை அனுப்ப வேண்டியிருந்தால் இந்த நிரலைத் தொடாதீர்கள். செவன்-ஜிப் என்ற கோப்புச் சுருக்கும் நிரலில் ஏஇஎஸ்-256 என்ற மறையாக்க முறையைத் தேர்ந்தெடுத்து, நீளமான கடவுச்சொல்லோடு சுருக்கி அனுப்புங்கள், கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லுங்கள். இந்த நிரலைப் புதிர்ப் போட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள், கதையின் முடிவை உடைக்கும் படத்தை நண்பர்களுக்கு அனுப்ப வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அந்த எண்-நிறப் படத்தைச் செய்து உங்கள் நிரலை நீங்களே ஒருமுறை உடைத்துப் பாருங்கள். மேலே உள்ள மூன்று வரியோடு ஒரு லூப் சேர்த்தால் போதும்.